மோட்டாருக்குத் தீர்த்தம்

நெரேய்தாவுக்குக் கோபம் வராத நாள் ஒன்று உண்டென்று எல் கரீசால் ஊரில் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் அந்த வாரம் அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. உலுவா ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து நான்கு நாள் ஊருக்குள் குடியிருந்துவிட்டுப் போனது. ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றும் ஒரே மோட்டார் பம்பு அறையில் சேற்றோடு சேறாகக் கிடந்தது. ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்து, விறகெல்லாம் நனைந்துபோனதால் வாழைத்தோட்டத்து வாய்க்கால் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். நெரேய்தாவின் ஏழு வயது மகள் சுயாபாவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கண்கள் உள்ளே போய்விட்டன. புது மோட்டார் வர ஒரு மாதம் ஆகும் என்று நகரத்திலிருந்து சேதி வந்தது. அதுவரை பிள்ளை தாங்காது. சுற்றுவட்டாரத்தில் மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலைக் கட்டத் தெரிந்தவள் நெரேய்தா ஒருத்திதான்.

மோட்டாரைப் பிரித்துப் போட்டு, பள்ளிக்கூடத்து மழைத்தொட்டியில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரை எடுத்து அதைக் கழுவத் தொடங்கினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது.

"நமக்குக் குடிக்கவே தண்ணி இல்ல. முங்கிச் செத்த மோட்டாருக்கு நல்ல தண்ணியில குளியல் கேக்குதா?" என்றான் ஒருவன்.

"சேத்தோட காயவச்சா, கரண்டு குடுத்ததும் மொத்தமும் பொசுங்கிரும்டா. தெரியலன்னா வாயப் பொத்திக்கிட்டு வாளியத் தூக்கு!"

தூக்கினான்.

காயவைக்க ஊரில் வெள்ளம் தொடாத சூடு ஒன்றுதான் இருந்தது: மேட்டிலிருந்த ஃபவுஸ்தோவின் ரொட்டி அடுப்பு. அதன் வாய் சிறியது. ஃபவுஸ்தோ கடப்பாரையை எடுத்துத் தன் அடுப்பின் வாயைத் தானே இடித்து அகலமாக்கினார். ரொட்டிச் சூடு காயிலுக்கு ஆகாது. அதனால் காலையில் பள்ளிக்கூடத்து முகாமுக்கு ரொட்டி சுட்டு முடித்ததும் கங்குகளை வாரிக் கொட்டிவிட்டு, ஒரு பிடி மாவை உள்ளே வீசுவார். மாவு கருகினால் பொறுக்க வேண்டும். வெளுப்பாகவே கிடந்தால் மோட்டாரை உள்ளே தள்ளி, தகரத்தால் அடைத்துவிடலாம்.

தினமும் நெரேய்தா மெக்கர் என்ற சோதனைக் கருவியின் கைப்பிடியைச் சுற்றி, காயிலில் ஈரம் போயிற்றா என்று பார்த்தாள். முதல் நாள் முள் அசையவே இல்லை. இரண்டாம் நாள் சோம்பேறியைப் போல லேசாகத் தலைதூக்கியது. மூன்றாம் நாள் விறுவிறுவென்று ஏறி அங்கேயே நின்றது. ஃபவுஸ்தோவின் மாவுக் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மறுநாள் காலை மோட்டாரைப் பம்பு அறையில் பொருத்தியாயிற்று, கரண்டும் வந்துவிட்டது. சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. மேயர் எலியோதோரோ விடவில்லை. வாசலில் பேண்டு வாத்தியம், போட்டோக்காரர், தலையில் எண்ணெய் மினுங்க மேயர். பாதர் வந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் என்றார்.

காத்திருந்த நேரத்தில் கடைசியாக ஒரு தடவை சோதிக்கலாம் என்று நெரேய்தா மோட்டாரின் வயர்ப் பெட்டி மூடியைக் கழற்றினாள். முள் நன்றாகவே நின்றது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"அங்க எம் புள்ள வாய்க்கா தண்ணியக் குடிச்சிட்டு உசுர விட்டுக்கிட்டுக் கெடக்கு. உங்க பீப்பீக்காக நான் காத்திருக்கணுமா?"

"கோவிச்சுக்காத தாயி. வாடகை வண்டிக்கே தீர்த்தம் தெளிக்காம நம்ம ஊர்ல ஓட்டுறதில்ல. இது ஊரு மோட்டாரு, சும்மாவா?"

"நீங்க சாமிக்கா நிக்கிறீங்க? போட்டோவுக்குல்ல நிக்கிறீங்க!"

அவள் மேயரின் மூக்குக்கு நேரே கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது, பாதர் அன்செல்மோ முதுகுப் பக்கமாக வந்துவிட்டார். நல்ல மனிதர், எதையும் குறைவாகச் செய்யத் தெரியாதவர். பெட்டி திறந்திருப்பதைப் பார்த்தார். தீர்த்தத்துக்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, துளசிக் கொத்தை வாளியில் நன்றாக முக்கி, அதற்குள்ளேயே மூன்று முறை வீசினார். போதாதென்று காற்றுத் துவாரங்களிலும் தெளித்தார்.

நெரேய்தா போட்ட கூச்சலில் பேண்டு நின்றது. மெக்கரைச் சுற்றினாள். முள் செத்துப்போய்க் கிடந்தது.

"புனிதத் தண்ணி என்னத்தக் கெடுத்துரும்? போடு சுவிட்ச" என்றார் மேயர்.

"அப்படியா? ரெண்டு கையையும் மோட்டார் மேல வைங்க. நான் போடுறேன்."

மேயர் இரண்டடி பின்வாங்கினார். முன்னால் வந்தவர் பாதர். அங்கியின் கையைச் சுருட்டிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மோட்டார் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நெரேய்தா பாய்ந்து போய் ஃபியூஸைப் பிடுங்கினாள்.

"கைய எடுங்க! தெரியாத எடத்துல எதுக்குத் தலையிடுறீங்க? மூணு நாள் உழைப்பு! எம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க அங்கியப் புடிச்சிக் கேப்பேன்!"

"மன்னிச்சிரும்மா, எனக்குத் தெரியல" என்றார் அவர், தலை குனிந்தபடி.

கூட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. வயதில் மூத்தவர்கள்கூட வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். மேயரும் சேர்ந்துகொண்டார். ஆறு பேர் மோட்டாரை மறுபடி அடுப்புக்குச் சுமந்தார்கள், இனி நாளைக்குத்தான்.

பின்னால் வந்த ஃபவுஸ்தோ, "அந்த மூடிய இப்படிக் குடு, எங்கயாச்சும் போட்டுறப் போற" என்றார்.

நெரேய்தா தன் கையைப் பார்த்தாள். வயர்ப் பெட்டியின் மூடி. சோதித்து முடித்ததும் திரும்ப மாட்ட வேண்டியது. இவ்வளவு நேரமும் மேயரின் மூக்குக்கு நேரே அவள் ஆட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

பள்ளிக்கூடத்தில் சுயாபா பாயில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது.

"தண்ணி வந்துருச்சாம்மா?"

"நாளைக்கு."

"பாதர்தான் கெடுத்துட்டாராமே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். இனி ஊரே அப்படித்தான் சொல்லும். வெளியே முற்றத்தில் பாதர் தனியாக ஈர விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டி, வாய்க்கால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் நீட்டிய டம்ளரை யாரும் வாங்கவில்லை. ஒரு பெண் அவர் காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.

நெரேய்தா எழுந்து முற்றத்தின் நடுவே போய் நின்றாள்.

"அவரு மேல ஏண்டி துப்புற? பெட்டியத் தொறந்து போட்டது நானு. மூடி என் கையில இருந்துச்சு. கோவத்துல மூட மறந்தவ நானு. துப்புறதுன்னா இங்க துப்பு!"

பிறகு பாதரிடம் கையை நீட்டினாள். அவர் டம்ளரை நிரப்பிக் கொடுத்தார். அதைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு அவள் மகளிடம் நடந்தபோது, பின்னால் ஊர் அவளைத் திட்டத் தொடங்கியிருந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் திருப்பித் திட்டவில்லை.