பத்தாவது ஆள்

பந்தை எறிகிறவனே மட்டையும் பிடித்தாக வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் முதலில் சட்டம் போட்டானோ, அவனை ஒரே ஒரு தடவை கெல்லிக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று குழந்தைவேலுவுக்கு ஆசை. கெல்லி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் அமெரிக்கன். ஆறடிக்கு மேல் உயரம். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. அவன் எறிகிற பந்து வருவது கண்ணுக்குத் தெரியாது. வந்து சேர்ந்த சத்தம்தான் காதில் விழும். போன வருஷம் அந்தச் சத்தம் கூடப் படிக்கிற முத்து முகம்மதுவின் வாயில் கேட்டது. முன்பல் இரண்டும் மைதானத்து மண்ணிலேயே தங்கிவிட்டன. அதற்கப்புறம் அவன் மட்டையைத் தொடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து யார் எத்தனை ஓட்டம் எடுத்தான் என்று எழுதுகிறான். வேர்க்கடலையைக் கடைவாய்க்குத் தள்ளித் தள்ளி மெல்லுகிறான்.

இந்த வருஷமும் அதே கெல்லி, அதே மைதானம். வருகிற சனிக்கிழமை.

ரங்கூனில் மற்றப் பள்ளிக்கூடங்களெல்லாம் கால்பந்தும் ஹாக்கியும் ஆடிக்கொண்டிருக்க, ரயில் பாதை ஓரத்து மிஷன் பள்ளியில் மட்டும் பேஸ்பால். அமெரிக்காவிலிருந்து வந்த பெண்டில்டன் சயா ஒரு சாக்கு நிறையத் தோல் கையுறைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். பர்மாவில் வாத்தியார் என்றால் சயாதான். சாக்கு வந்துவிட்டதே, அதற்காகவாவது ஒரு விளையாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒருவன் எறிவான், எதிர்ப்பக்கத்தான் உருட்டு மட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையும் சுற்றி ஓடுவான். சுற்றி முடித்தால் ஒரு ஓட்டம். மூன்று தடவை கோட்டைவிட்டால் அவுட். ஒன்பது பேரும் முறைவைத்து அடித்தே ஆக வேண்டும். எறிகிறவனுக்கும் விலக்கு இல்லை.

பதினாறு வயசுக் குழந்தைவேலுவுக்கு எறிய வரும். அது ஒன்றுதான் வரும். கணக்கு வராது, பாட்டு வராது, நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்க வராது. ஆனால் பந்து கைக்கு வந்துவிட்டால் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைப் பையன்கள் வேலி மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். மட்டை பிடிக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வது இதுவரை யாருக்கும் தெரியாது. எறிகிறவன் அடிப்பான் என்று எவனும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் எவனும் அவன் முகத்தைப் பார்த்ததும் இல்லை.

புதன்கிழமை சாயந்திரம் பெண்டில்டன் சயா கையில் ஒரு பத்திரிகையோடு வந்தார். அமெரிக்காவில் அச்சடித்து இரண்டு மாசம் கடலில் ஊறி வந்த சேதி. அங்கே ஒரு பெரிய லீக்கின் தலைவர் புதுச் சட்டம் ஒன்று வேண்டும் என்கிறாராம். எறிகிறவன் இனி மட்டை பிடிக்க வேண்டாம். அவன் முறை வரும்போது அவனுக்குப் பதிலாகப் பத்தாவது ஆள் ஒருவன் வந்து அடிப்பான். அங்கே ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்கிறார்களாம், வேணும் வேண்டாம் என்று.

"எண்ணெய்க் கம்பெனிக்காரங்க ஒரு தடவை அப்படி ஆடிப் பார்க்கலாம்னு சொல்லியனுப்பியிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று சயா இங்கிலீஷில் கேட்டார்.

குழந்தைவேலுவுக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் இறங்கினது போல இருந்தது. ஏழு கடல் தாண்டி, தன் பேரே தெரியாத ஒரு வெள்ளைக்காரன் தனக்காகவே உட்கார்ந்து யோசித்திருக்கிறான்! கையைத் தூக்கப் போனான்.

அதற்குள் ஜாபர் எழுந்துவிட்டான். ஜாபர்தான் கேப்டன். மொகல் தெருவில் அவன் வாப்பாவுக்குக் குடைக்கடை. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலிலேயேதான் எல்லோரிடமும் பேசுவான்.

"அப்போ இது நம்ம கப்பல் ஜெட்டி பதிலாள் கதைதானே?" என்றான் தமிழில். "வேலைக்கு ஒருத்தன், அவன் படுத்துக்கிட்டா இன்னொருத்தன். அமெரிக்காவுலயும் மேஸ்திரி இருக்கான் போலிருக்குடா!"

சிரிப்பு. பதிலாள் என்ற சொல்லை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாதிப் பேருடைய அப்பன்கள் துறைமுகத்திலும் ரயிலடியிலும் மூட்டை தூக்குகிறவர்கள். காய்ச்சல் வந்தால் தன் வேலை நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கொடுத்து ஒரு பதிலாளை அனுப்பலாம். ஒரு நாள் அனுப்பலாம், இரண்டு நாள் அனுப்பலாம். மூன்றாவது நாளும் அனுப்பினால் வில்லை அவனுக்கே சொந்தம். போன மழைக்காலத்தில் குழந்தைவேலுவின் அப்பா செல்லையா மூன்று நாள் படுத்தார். நாலாம் நாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜெட்டிக்குப் போனவரை, கூலிக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்து, "நீ யாருப்பா?" என்று கேட்டான். பதினொரு வருஷம் பார்த்த முகம். இப்போது செல்லையா அரிசி மில்லில் உமி கூட்டுகிறார்.

குளிர்ந்த தண்ணீர் அப்படியே வற்றிப்போயிற்று. குழந்தைவேலு கையை இறக்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். இன்றைக்கு மட்டைக்குப் பதிலாள், நாளைக்குப் பந்துக்கும் அவனே. அப்புறம் ஜாபர் ஏற இறங்கப் பார்ப்பான்.

சயா ஓட்டுக்கு விட்டார். மொத்தம் பதினேழு பேர். பெஞ்சில் உட்கார்ந்தே காலம் தள்ளுகிற எட்டுப் பேரும் சட்டம் வேண்டும் என்று கை தூக்கினார்கள். பத்தாவது ஆள் தானாக இருக்கலாம் என்று ஒவ்வொருத்தனுக்கும் ஆசை. அதற்குப் பெயர் கொள்கை என்று அவர்களில் ராஜரத்தினம் ஒரு பிரசங்கமே செய்தான். முத்து முகம்மது மட்டும், "எனக்குக் கொள்கையும் இல்ல ஒண்ணும் இல்ல. இருக்கிற பல்லாவது இருக்கட்டும்" என்றான். ஆட்டத்தில் இருக்கிற எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். எட்டும் எட்டும். எல்லோரும் குழந்தைவேலுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோ வேலு, எந்திரிச்சுச் சொல்லுங்க," என்றான் ஜாபர், பெரிய மனுஷனைக் கூப்பிடுகிற பர்மிய மரியாதையோடு. "உங்களுக்குத்தானே பல்லக்கு ஏற்பாடு பண்றாங்க."

எழுந்தான். வாய் எங்கிருந்தோ தைரியம் கடன் வாங்கிக்கொண்டு பேசியது.

"இதெல்லாம் ஒரு ஆட்டமா? எறியிறதுக்கு ஒருத்தன், அடிக்கிறதுக்கு ஒருத்தன், அப்புறம் ஓடுறதுக்கு ஒருத்தன் வைங்க. மூச்சு விடுறதுக்கும் ஒருத்தன வைங்க. பயந்தவன் வீட்டுல அடுப்படியில உட்காரட்டும். எனக்கு எவனும் பதிலாள் வர வேண்டாம். கெல்லி என்ன, மனுஷன்தானே? நானே நிப்பேன்."

கைதட்டல் கூரைத் தகரத்தை அதிரவைத்தது. ஜாபர் முதுகில் ஓங்கி அடித்தான். "ஆம்பிளைடா!" ராஜரத்தினம் தன் கொள்கையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான். தான் பேசியதில் ஒரு வார்த்தைகூடத் தன்னுடையது இல்லை என்று குழந்தைவேலுவுக்கே தெரியும்.

சயா பதிலை எழுதிப் பியூனிடம் கொடுத்து, ஆற்றைக் கடக்கிற லாஞ்சில் அனுப்பிவிட்டு, வாசலில் அவனைப் பிடித்து நிறுத்தினார்.

"ரொம்பப் பெருமையா இருக்கு. வேற எவனா இருந்தாலும் தாவிப் பிடிச்சிருப்பான். ஆட்டம் முழுக்க எறியலாம், ஒரு நஷ்டமும் இல்ல."

"நஷ்டம் இல்லையா சயா? எறியிறவன் இடம் போயிடாதா?"

"இடம் எங்கே போகும்? பத்தாவது ஆள் பந்தைத் தொடவே முடியாது. அவன் அடிக்க மட்டும்தான் வருவான். எறியிறது எப்பவும் நீதான்."

இதைக் கால்மணி நேரம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? ஜாபர் தமிழில் என்ன சொல்லிச் சிரிக்கவைத்தான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

"மறுபடி ஓட்டு எடுக்க முடியாதா சயா?"

"எதுக்கு? நீதான் ஜெயிச்சிட்டியே!" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார்.

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பெனிக்காரர்கள் தொப்பியும் சோடா பாட்டிலுமாக லாஞ்சில் வந்து இறங்கினார்கள். வேலி மேல் பையன்கள், வேலிக்கு வெளியே வேலை முடிந்து வந்த ரயிலடிக் கூலிகள். என்ன ஆட்டம் என்று புரியாமலே அவர்கள் இரண்டு பக்கத்துக்கும் சத்தம் போட்டார்கள்.

குழந்தைவேலு எறிந்தான். தன் பயம் முழுவதையும் பந்தில் ஏற்றி அனுப்பினான் என்றுதான் சொல்ல வேண்டும். கம்பெனித் தடிமாடுகள் ஒவ்வொன்றாக வந்து காற்றை வெட்டிவிட்டுப் போயின. கடைசியில் கெல்லியின் முறை வந்தது. மட்டை அவன் கையில் தீக்குச்சி மாதிரி இருந்தது. குழந்தைவேலு எறியக் கையை ஓங்கினான். அப்போதுதான் பார்த்தான். கெல்லி கண்ணை மூடியிருந்தான். விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி முகத்தைச் சுளித்து, இறுக்கி மூடியிருந்தான். இரண்டாவது பந்துக்கும் மூடினான். மூன்றாவதுக்கும் மூடி, பந்து வந்து சேருவதற்கு முன்பே மட்டையைச் சுழற்றிவிட்டு, தப்பித்தோம் என்று ஓட்டமும் நடையுமாகப் பெஞ்சுக்குப் போனான்.

"அட உன்னை!" என்று குழந்தைவேலு வாய்விட்டே சொல்லிவிட்டான். இந்த ஆளுக்காகவா புதன்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை? ஆனால் வேடிக்கை என்னவென்றால், கெல்லிக்குப் பயம் என்று தெரிந்ததால் இவனுடைய பயம் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. மட்டை பிடிக்கும்போதுதான் கெல்லி கோழை. பந்து கையில் இருக்கும்போது அவன் கெல்லிதான்.

கடைசிச் சுற்று. பள்ளிக்கு ஒரு ஓட்டம் குறைவு. மூன்றாவது மூலையில் நம் ஆள் ஒருவன் ஓடத் தயாராக நிற்கிறான். இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் போனால் ஆட்டம் முடிந்தது. அடிக்க வேண்டியது குழந்தைவேலு.

"ஜாபர்," என்றான். "எனக்குப் பயமா இருக்குடா."

"என்னது?"

"பயமா இருக்கு. வேற யாரையாவது அனுப்பு."

ஜாபர் அவனை ஏற இறங்கப் பார்த்தான். மேஸ்திரியின் பார்வை அச்சாக அதுதான். "அடுப்படின்னு சொன்னது யாருடா? மூச்சு விடுறதுக்கு ஆள் வைங்கன்னு சொன்னது யாரு? போ, போய் நில்லு. இல்ல, ஊரு சிரிக்கும்."

போய் நின்றான். முதல் பந்து: கண்ணை மூடினான், காதோரம் ஏதோ விர்ரென்று போயிற்று. இரண்டாவது பந்துக்கு மட்டையைக் கீழே போட்டுவிட்டு நாலடி தள்ளிக் குதித்தான். பந்து நேராகத்தான் போனது. வேலி முழுவதும் சிரித்தது. ரயிலடிக் கூலிகளுக்கு அன்றைக்கு முதல் தடவையாக ஆட்டம் புரிந்தது.

குழந்தைவேலு மட்டையைக் குனிந்து எடுத்தான். நடுவரிடம் போய் அதை நீட்டினான்.

"நான் அவுட்," என்றான் இங்கிலீஷில்.

"இன்னும் ஒரு பந்து இருக்கே," என்றார் நடுவர்.

"அதை அவரையே வச்சுக்கச் சொல்லுங்க."

ஆட்டம் முடிந்தது. ஒரு ஓட்டத்தில் தோல்வி. யாரும் அவன் பக்கம் வரவில்லை. கெல்லி மட்டும் சோடா பாட்டிலோடு வந்து பக்கத்தில் நின்றான், பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஜாபர் தூரத்திலிருந்தே கத்தினான்: "திங்கக்கிழமையிலேருந்து வேற ஆளு எறிவான். நீ உமி கூட்டப் போ!"

திங்கட்கிழமை வேற ஆள் எறிந்தான். ராஜரத்தினம். முதல் பந்து வேலியைத் தாண்டி ரயில் பாதையில் விழுந்தது. இன்சீன் ரயில் போகட்டும் என்று காத்திருந்து எடுத்து வந்தார்கள். இரண்டாவது, கொட்டகைக்குள் போய்த் தண்ணீர்ப் பானையை உடைத்தது. மூன்றாவதை அவன் எங்கே குறிவைத்தானோ, அது பெண்டில்டன் சயாவின் முழங்காலைத் தேடிப் போயிற்று. சயா ஒற்றைக் காலில் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"கொள்கை நல்லா வேலை செய்யுது," என்றான் முத்து முகம்மது, பெஞ்சிலிருந்து.

ஜாபர் பல்லைக் கடித்துக்கொண்டு பந்தைப் பொறுக்கினான். ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்த குழந்தைவேலுவிடம் நடந்து வந்தான். முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

"இந்தா, எறி. மட்டை பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

குழந்தைவேலு பந்தை வாங்கிக்கொண்டான். எழுந்திருக்கவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்துபோன பயம். இனி அதை எங்கேயும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

"இப்பவே பேசுவோம் மச்சான்," என்றான். "எறியிறது நானு. அடிக்கப் பத்தாவது ஆளு. கம்பெனிக்காரங்க முன்னாடியே சரின்னாங்க, இனிமே கெல்லியே கெஞ்சிக் கேப்பான். வேணும்கிறவங்க கை தூக்குங்க."

"தோத்த பயலுக்குப் பேச்சப் பாரு!"

"இல்லேன்னா ராஜரத்தினம் எறியட்டும். சயாவுக்கு இன்னொரு முழங்கால் இருக்கு."

பெஞ்சில் முதல் கை முத்து முகம்மதுவுடையது. ராஜரத்தினம் மறுபடி கொள்கையை வெளியே எடுத்தான். ஒவ்வொன்றாக எட்டுக் கைகள் எழுந்தன. குழந்தைவேலு, பந்து இருந்த கையையே தூக்கினான்.

"ஒம்போது," என்றான். "எண்ணிக்க."