மத்தி மீனும் மூன்று திராட்சை ஒயினும்

எவரிஷ்டு, வயது இருபத்துமூன்று. பிறந்தது நடுக்கடலில் கிடக்கும் பீக்கு தீவில். இப்போது இருப்பது பெருநிலத்தில், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த அலென்தெஜுவில், அபீலியு முதலாளியின் ஒயின் ஆலைக்குப் பின்னாலுள்ள ஒற்றை அறையில். ஒரு வாரமாக அவனுக்குத் தூக்கமில்லை. காரணம் ஒரு லேபிள்.

குளிர்காலம் முழுக்க மூன்று திராட்சைகளின் சிவப்பு ஒயினை அளந்து அளந்து, நாற்பத்தோரு தடவை கலந்து பார்த்து, சரியான கலவையைப் பிடித்தவன் அவன்தான். சதைவரை சிவந்த அலிகாந்தெ திராட்சையின் கறை இன்னும் அவன் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. லேபிள் அச்சாகி வந்தபோது ‘கலந்தவர்: துவார்த்’ என்றிருந்தது. துவார்த் முதலாளியின் அண்ணன் மகன். கேட்டதற்கு, தீவுக்காரன் பெயரை ஒட்டினால் பாட்டிலை எவன் தொடுவான் என்று சிரித்தான்.

போர்த்து நகரத்தில் மூன்று உணவகம் நடத்தும் பெனெதீத்தா அம்மா ஒயினை ருசி பார்க்க வருவதாக இருந்தது. ஜூன் மாதத்து மத்தி கொழுத்துக் கிடக்கிறது, அதையே சுட்டு வைக்கலாம் என்று துவார்த் முடிவு செய்தான். ஆனாலும் உள்ளூர ஒரு சந்தேகம். எவரிஷ்டுவைத் தனியாகக் கூப்பிட்டான்.

“மத்தி சரியா வரும்ல?”

“நீங்க கலந்த ஒயினு. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?”

மீன் தின்றே வளர்ந்தவன் எவரிஷ்டு. துவர்ப்பான சிவப்பு ஒயினோடு மத்தி சேர்ந்தால் வாயில் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். சமையல்காரி சுல்மீராவுக்கும் தெரியும்.

“ஆணியச் சப்புன மாதிரி இருக்குமேடா. சொல்லலையா நீ?”

“தின்னட்டும்க்கா.”

ஆனால் ஒயின் விற்காமல் போனால் அவன் உழைப்பும் சாக்கடைக்குத்தான். அதனால் வேலையாட்களுக்கு வெந்துகொண்டிருந்த ஆட்டுக்கறிக் குழம்பில் ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொன்னான்.

பெனெதீத்தா அம்மா மீனைத் தின்று ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் போலிருக்கிறதே, இதில் என்னென்ன திராட்சை, எவ்வளவு என்று துவார்த்தைக் கேட்டார். அவன் இரண்டு பெயர் சொன்னான். மூன்றாவது வரவில்லை. அளவும் வரவில்லை. காதுமடல் சிவக்கச் சித்தப்பாவைப் பார்த்தான். கதவோரம் நின்ற எவரிஷ்டு அந்தச் சிவப்பை ஆற அமரப் பார்த்து ரசித்தான். அந்த அம்மா கைப்பையை எடுக்கும்வரை அவன் அசையவில்லை.

பிறகுதான் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தான். ரொட்டித் துண்டுமேல் குழம்பு, மேலே கொழுப்பு மினுங்கும் கறி. அவர் தின்றார், அதே கண்ணாடிக் கோப்பையிலிருந்து குடித்தார், மறுபடியும் குடித்தார்.

“இதக் கலந்தது யாரு?”

முதலாளி இருமினார். எவரிஷ்டு கறைபடிந்த கையை மேசைமேல் விரித்து வைத்தான்.

“நான்தாங்க. அவரு கலந்தது மீனும் ஒயினும் மட்டும்தான்.”

இருநூறு பெட்டி விற்றது. லேபிள் மாறவில்லை. மறுநாள் காலை, அறுவடைக்கு நீ வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். எவரிஷ்டு பையைக் கட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தான். அடுத்த வேலை எங்கே என்று தெரியாது. ஆனால் அந்தக் காதுமடலை நினைத்தபோதெல்லாம் வாயில் நல்ல ருசி ஊறியது. போனை வாயருகே பிடித்து வீட்டுக்கு அனுப்பும் செய்தியைப் பேசினான். பேசப் பேசத் திரையில் எழுத்தாக விழுந்துகொண்டே வந்தது.

“அம்மா, ஒரு பாட்டில் அனுப்பியிருக்கேன். நம்ம வீட்ல மீன்தான் இருக்கும், தெரியும். அன்னைக்கு மட்டும் ஆட்டுக்கறி ஆக்குங்க. தெறக்கறதுக்கு முன்னாடி, லேபிள்ல இருக்கற பேர நகத்தால சுரண்டிப் போட்டுருங்க.”