ஓர் ஊசிக்கு இரண்டு முனை

சிங்கப்பூர் எல்லைக்கு அந்தப் பக்கம், செனாயில் இருக்கும் அந்தத் துணி பேக்டரியில் ஒரு ஊசி உடைந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். கைக்குழந்தைகளுக்கு உடுப்பு தைக்கிற இடம். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, தாளில் டேப் போட்டு ஒட்டி, ஊசி முழுசாகச் சேர்ந்துவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மிஷினைச் சுற்றிக் கிடக்கிற உடுப்பையெல்லாம் ஒதுக்கிவிட வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு பிள்ளையின் கழுத்தில் ஊசி குத்திவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

அன்று மத்தியானம் உடைந்த ஊசிக்கு முனையைக் காணோம்.

லோஷினி, சிங்கப்பூரில் இருந்து வெளிநாட்டுக் கடைகளுக்குச் சரக்கு பிடித்துக் கொடுக்கும் கம்பெனியின் ஆள். அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கண்டெய்னர் கிளம்பும். பாதிப் பெட்டிகள் ஏறிய கண்டெய்னர் வாசலில் நின்றது. பொழுது சாய்வதற்குள் அது பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் கப்பலை விட்டுவிடும். உலோகத்தைக் காட்டிக் கொடுக்கும் மிஷினும் இப்போது உதவாது. உடுப்பில் இரும்பு பட்டன் அடித்தாயிற்று. எதைப் போட்டாலும் கத்தும். பிரிந்த தையலைத் திருத்த நேபாளப் பெண் ஒருத்தி சில உடுப்புகளைத் திரும்ப மிஷினில் வைத்தபோதுதான் இந்த வினை.

மேனேஜர் கமலநாதன் போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். லைன் லீடர் காளியம்மாதான் ஆட்களை முட்டி போட வைத்துத் தரையைத் தடவ விட்டாள். லோஷினியைப் பார்த்து, நீ நின்னா பிள்ளைங்க கை நடுங்குது, போய் தேத்தண்ணி குடி என்று விரட்டினாள். லோஷினி முன்பு அவளுடைய லைனில் தைத்தவள். மறுபேச்சுப் பேசாமல் கேண்டீனுக்குப் போனாள்.

பாதி தேநீரில் காளியம்மா வந்து, டேப்பில் ஒட்டிய முனையை மேசை மேல் வைத்தாள். மிஷின் அடியில் எண்ணெயோடு ஒட்டிக் கிடந்ததாம். லோஷினி அதை உடைந்த ஊசியோடு வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள்.

அப்போது அந்த நேபாளப் பெண் ஓடி வந்தாள். "ஜும்பா, காக்," கிடைத்துவிட்டது அக்கா, என்று மலாயில் சொல்லி உள்ளங்கையை விரித்தாள். அதில் ஒரு முனை.

லோஷினி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதலாவதும் பொருந்தியது. இரண்டாவதும் பொருந்தியது. உற்றுப் பார்க்கப் பார்க்க இரண்டுமே பொருந்தாத மாதிரியும் இருந்தது. இதில் ஒன்று நிஜம் என்றால் மற்றது எந்த ஊசியின் முனை? இன்னொரு ஊசி உடைந்து அதை யாராவது மறைத்தார்களா?

கமலநாதன் எட்டிப் பார்த்தார். "ரெண்டு கெடைச்சா நல்லதுதானே லா. ஒண்ணு ஸ்பேர்."

யாரும் சிரிக்கவில்லை. நேபாளப் பெண் காளியம்மாவின் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். லோஷினி அவளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நீங்க குடுத்தது எங்க இருந்து வந்துச்சி?"

"பழைய ஊசிய இடுக்கியில புடிச்சி ஒடைச்சா முனை வந்துரும். இந்தப் புள்ளைக்கும் நான்தான் காட்டிக் குடுத்தேன். அது இன்னிக்கே செய்யும்னு எனக்கென்ன தெரியும்?" காளியம்மாவின் குரலில் குற்றம் செய்த சாயலே இல்லை. "ஊசி முழுசா இருக்கணும்னு நீங்கதானே கேட்டீங்க. முழுசா குடுத்தேன்."

"நாங்க கேட்டது ஊசியையா? உடுப்புக்குள்ள இல்லைன்னு தெரியணும்."

"கண்ணு பூத்துப் போற அளவுக்குத் தேடினேன் பிள்ள. இல்ல. கூட்டும்போது குப்பையோட போயிருக்கும். எப்பவும் அப்படித்தானே போவும்."

"எப்பவும்னா?"

"எப்பவும்தான். உன் ஊசி ஒடைஞ்சி நீ அழுதுகிட்டு நின்னியே, அதுக்கு யாரு முனை குடுத்தாங்கன்னு நெனைச்ச?"

லோஷினி பேனாவை மூடி வைத்தாள். இவள் மோசக்காரி என்று ஒரே அடியாகச் சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் கழுத்துப் பட்டி ஒரு நூல் கோணினாலும் கட்டோடு பிரித்துப் போட்டு மறுபடி தைக்க வைக்கிறவள் இவள். இந்தக் கட்டடத்தில் சரக்கைப் பற்றி இவளைவிட அதிகமாகக் கவலைப்பட்ட ஆள் கிடையாது. அந்தக் கையும் இந்தக் கையும் எப்படி ஒரே ஆளுடையதாக இருக்க முடியும்?

கமலநாதன் நியாயமாகத்தான் பேசினார். இன்றைக்குத் திருத்திய உடுப்புகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை ஏற்றலாமே, விதியே அதுதானே என்றார். கால் மணி நேரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் லோஷினி சரி என்றிருப்பாள். இப்போது கண்டெய்னருக்குள் இருக்கிற பெட்டிகளைப் பார்த்தால், எந்த ஊசி நிஜமாக முழுசு, எது காளியம்மா முழுசாக்கினது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. ஏற்றிய பெட்டிகளையெல்லாம் இறக்கச் சொன்னாள்.

சிங்கப்பூரில் அவளுடைய மேலதிகாரி விஜயேந்திரன் போனை எடுத்தார். சத்தம் போடவில்லை. எந்தப் பெட்டி என்று கேட்டார். எல்லாம் என்றாள்.

"சரி. ஏற்கனவே கடைக்குப் போனது?"

அவள் மேசை மேல் கிடந்த இரண்டு முனைகளையும் பார்த்தாள். அந்தப் பக்கம் அவர், பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

வெளியே வந்தபோது காளியம்மா முதல் பெட்டியை உடைத்து, மேசை மேல் கொட்டி, ஒவ்வொரு மடிப்பாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அப்படித் தேட அவளைவிட நல்ல கை அங்கே இல்லை. ஆனால் அவள் கிடைத்துவிட்டது என்று சொன்னால் அதை நம்புவதா? இல்லை என்று சொன்னால் அதை நம்புவதா?

லோஷினி ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். தானும் ஒரு சின்ன உடுப்பை எடுத்துத் தடவத் தொடங்கினாள். கண் மட்டும் காளியம்மாவின் விரல்களை விட்டு நகரவே இல்லை.