சுருட்டிக் காட்டுங்கண்ணா

அந்தப் பையைக் கண்டதும் சுகுணாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ராசாமணி பைக்கை நிறுத்திவிட்டு, தோளில் சுருட்டிக் கிடந்த அந்தக் காக்கிப் பையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு, கண்ணாயியின் சாமை மெஷின் கொட்டகைக்குள் போனான். என்ன தைரியம் பாருங்கள்! எதிர்ச்சாரியில்தான் சுகுணாவின் பட்டறை இருக்கிறது. அது தெரிந்தேதான் எடுத்து வந்திருக்கிறான். இவள் என்ன கிழித்துவிடப் போகிறாள் என்கிற நினைப்பு.

அது அவள் பை. மலையடிவாரத்தில், பேளுக்குறிச்சியில் ராசாமணியின் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் அவளே வெட்டி அவளே தைத்தது. மலையில் பாதி ஊருக்கு ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதையில் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எவள் ஏறுவாள்? பழைய தார்ப்பாயில் ஸ்பேனருக்கு, ஸ்க்ரூ டிரைவருக்கு, கட்டிங் பிளேயருக்கு என்று தனித்தனி அறை வைத்து, மேலே மடித்துவிட ஒரு மூடி வைத்து, ஓரத்தில் சுற்றிக் கட்ட ஒரு நாடாக் கயிறும் வைத்தாள். சுருட்டித் தோளில் போட்டால் ஒன்றோடொன்று இடிக்காது, சத்தமும் வராது. மிளகுத் தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனால் அங்கேயே விரித்துப் போட்டு வேலையைப் பார்க்கலாம்.

மலையிலேயே தனிப் பட்டறை போடப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு, "பையை நாளைக்கு வந்து எடுத்துக்க அம்மணி" என்று பல்லைக் காட்டினான் ராசாமணி. மறுநாள் போனால் பட்டறை பூட்டிக் கிடந்தது. அந்த வாரம் பேளுக்குறிச்சிச் சந்தையில் ஊர்க் கூட்டத்தின் நடுவே நின்று கத்தினான். "என் சாமானையெல்லாம் சுருட்டிக்கிட்டு மலையேறிட்டாளுங்க! நொட்டாங்கைக்காரியை வேலைக்கு வெச்சது என் தப்பு. இங்கயிருந்து மலை முட்டும் மெக்கானிக்குல நொட்டாங்கைக்காரின்னா அவ ஒருத்திதான். அந்தக் கைய நம்பி எதையும் குடுத்துப்போடாதீங்க!"

அவள் இடது கைக்காரிதான், திருடியல்ல. ஆனாலும் அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி ஊருக்கு வந்துவிட்டது. பஞ்சர் ஒட்ட வருவார்கள், ஒட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார்கள். ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போக எவனுக்கும் மனசு வரவில்லை. இப்போது ரோட்டைத் தாண்டினால் இருக்கிற கண்ணாயி அக்காவின் மெஷின் நின்றதற்கும் மலையடிவாரத்திலிருந்து ஆள் வருகிறான். அதுவும் அவள் பையோடு! பை போனால் போகட்டும், வேறொன்று தைத்துக்கொண்டாள். அந்தப் பேச்சை அல்லவா அவன் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்! திருடி என்று அவள்மேல் ஒட்டினதைப் பிய்த்து அவன் நெற்றியிலேயே ஒட்ட வேண்டும். அது நடக்கிற நாள் வரைக்கும் அவளுக்குச் சோறு சோறாக இறங்காது.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் என்றுதான் ரோட்டைத் தாண்டினாள். கொட்டகையில் சாமை மூட்டைகளைப் போட்டுவிட்டுப் பத்துப் பேர் காத்துக் கிடந்தார்கள். ராசாமணி பையைச் சுற்றியிருந்த சைக்கிள் டியூப் துண்டைக் கழற்றி, பையைத் தரையில் விரித்தான். மூடியில் வெள்ளைப் பெயிண்டால் 'ராசாமணி' என்று எழுதியிருந்தது. சுகுணா பெயரைப் பார்க்கவில்லை. டியூப்பைப் பார்த்தாள். கயிறு இருக்கிற பைக்கு டியூப் எதற்கு? கணக்குப் புரிந்ததும் வாயெல்லாம் தித்தித்தது. மவனே, மாட்டினாயா!

"வாங்கண்ணா, நல்லா இருக்கீங்களா?"

"அடடே, அம்மணியா! கடையில ஈ ஓட்டறயாமா?"

"ஈயாவது வருதுங்களே. பை அம்சமா இருக்குதுங்ணா. எங்க வாங்குனீங்க?"

"வாங்கறதா? நானே தெச்சது. பேரு போட்டிருக்குதுல்ல?"

"அட! தெனமும் நீங்களேதான் விரிச்சுச் சுருட்டுவீங்களா?"

"பின்ன, நீயா வந்து சுருட்டற?" என்று சிரித்தான். கூட்டத்தில் ஒன்றிரண்டு பேரும் சிரித்தார்கள்.

கண்ணாயிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "இப்ப எதுக்குக் கண்ணு பையைப் பத்தி?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. இது என் பை."

ராசாமணி குதித்து எழுந்தான். "பாத்தீங்களா, பாத்தீங்களா! சுருட்டிக்கிட்டுப் போனதுமில்லாம இப்ப என் பையவே கேக்கறா! எட்டுக்கையம்மா சத்தியமாச் சொல்றேன், இது நான் தெச்சது, நான் சுருட்டறது. வேற ஒரு கை இதத் தொட்டதில்ல!"

மலைச் சாமியின் பெயரைச் சொன்னதும் கொட்டகை அடங்கிவிட்டது. இதற்குத்தானே அவள் அத்தனை நேரம் குழைந்து குழைந்து பேசினாள்!

"அப்படீங்களா? அப்பச் சுருட்டிக் காட்டுங்கண்ணா."

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த சின்னமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராசாமணி முறைத்துவிட்டுக் குனிந்தான். வலது ஓரத்தை வலது கையால் பிடித்து இடது பக்கமாகச் சரசரவென்று உருட்டிக்கொண்டு போனான். முடித்துவிட்டு டியூப்புக்குக் கையை நீட்டினான்.

சுகுணா டியூப்பின்மேல் காலை வைத்துக்கொண்டாள். "கயித்துல கட்டுங்க."

கயிறு எங்கே இருக்கிறது? வலது ஓரத்தில் தைத்த கயிறு சுருளுக்கு நட்டநடுவில் போய் மாட்டிக்கொண்டது.

"அது இத்துப்போச்சு" என்றான்.

கண்ணாயி வந்து சுருளைப் பிரித்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். "எங்க இத்துப்போச்சு? மாட்டையே கட்டலாம் போல இருக்குது."

"அந்த ஓரத்துலயிருந்து சுருட்டிப் பாருங்கண்ணா" என்று சுகுணா எடுத்துக்கொடுத்தாள்.

இடது ஓரத்திலிருந்து தொடங்கினான். பழகாத திக்கு. கை குறுக்கே விழுந்தது, சுருள் கோணிக்கொண்டு போனது. சாய்த்துத் தைத்த அறைகளிலிருந்து ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாக நழுவின. பெரிய ஸ்பேனர் அவன் கால் கட்டைவிரலிலேயே விழுந்தது. "அய்யோ!" என்று நொண்டினான்.

சுகுணா குந்தினாள். ஸ்பேனர்களை அதனதன் அறையில் செருகி, மூடியை மடித்துவிட்டு, இடது கையால் ஒரே தள்ளு. பை பாய் மாதிரி உருண்டு வந்தது, கயிறு கடைசியில் வெளியே வந்து நின்றது. சுற்றி முடிச்சுப் போட்டு எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"நொட்டாங்கைக்கு ஏத்தாப்பல தெச்ச பைங்கக்கா இது. சோத்தாங்கையில சுருட்டுனா கயிறு உள்ள போயிரும், அதான் டியூப்பு. இங்கயிருந்து மலை முட்டும் மெக்கானிக்குல நொட்டாங்கைக்காரி யாருங்கண்ணா? சந்தையில நின்னு நீங்கதான சொன்னீங்க, நான் ஒருத்திதான்னு?"

ராசாமணி நொண்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தான்.

"எட்டுக்கையம்மா மேலயா சத்தியம் பண்ணுன?" என்று கண்ணாயி காறித் துப்பினாள். "அந்தத் தாய்க்கு நாலு கை நொட்டாங்கைதான்டா, பாவி!"

"அப்பச் சுருட்டுனது ஆருங்க?" என்றான் சின்னமுத்து. கொட்டகையே சிரித்தது. இந்தத் தடவை யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

"ஏதோ மாறி வந்திருக்குது, வெச்சுக்க" என்று முணுமுணுத்தான் ராசாமணி.

அப்படி விட்டுவிடுவாளா? பையைத் திரும்பத் தரையில் போட்டாள். "எடுத்துக் குடுங்கண்ணா" என்று இடது கையை நீட்டினாள்.

"அந்தக் கையிலயா?"

"திருடுன கைன்னு சொன்னது இதத்தானுங்களே. இதுலயே குடுங்க."

நாலு பேர் பார்க்கப் பெரியவன் ஒருவன் இடது கையில் வைத்துக் கொடுப்பதாவது! சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் அவனுக்காக வாயைத் திறக்கவில்லை. குனிந்து எடுத்து, அந்தக் கையில் வைத்தான். பலாச்சுளையைத் தேனில் தோய்த்துத் தின்ற மாதிரி இருந்தது அவளுக்கு. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? பைக்குள் இருந்த அவனுடைய சாமான்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக, அதே இடது கையால் நீட்டினாள். அவனும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"மெஷினை நீயே பாரு சாமி" என்றாள் கண்ணாயி. முகத்தை நேரே பார்க்கவில்லை. "ஊரு பேச்சக் கேட்டுட்டேன்."

"பாக்கறேங்கக்கா" என்று தன் பட்டறையிலிருந்து ஸ்பேனர்களை எடுத்துவந்து பையை விரித்தாள் சுகுணா.

ராசாமணி போகாமல் வாசலிலேயே நின்றான். சாமான்களை வேட்டி மடியில் கட்டியிருந்தான். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்மணி, மலையில நடந்தது மலையோட போகட்டும். கீழ பட்டறை நடத்தி நான் பொழைக்கோணும். ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு."

கண்ணாம், கண்ணு! சுகுணா ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டினாள்.

"நாளைக்கு என்ன கெழமைங்கண்ணா?"

அவன் முகம் செத்துப் போனது.

"சந்தைங்கண்ணா. மொதல் பஸ்ஸுக்கே எறங்கி வாரேன். நீங்க நின்னு கத்துன அதே எடத்துலதான் பையை விரிச்சுப் போட்டு உக்கோந்திருப்பேன். வந்து சுருட்டிக் காட்டுங்க."