மச்சானின் பொத்தான் சைக்கிள்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. எண்பத்திரண்டா, எண்பத்துமூன்றா என்பதுகூட நிச்சயமில்லை. கோபத்தில் இருந்தவனின் ஞாபகத்தை முழுதாக நம்ப முடியாது.

என் தங்கச்சி நதீராவைக் கலியாணம் முடித்த முனாப், சாய்ந்தமருதில் வாத்தியார். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார், பொத்தானை அமர்த்தி ஸ்டார்ட் பண்ணுகிற மோட்டார் சைக்கிள்தான் வேண்டும் என்றார்கள். உதைப்பது வாத்தியாருக்குக் கௌரவக் குறைவாக்கும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாப்பா கொழும்பிலிருந்து பாவித்த மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். கல்முனையில் கராஜ் வைத்திருந்த நான் அதைக் கழற்றி, கறுப்புப் பெயின்ட் அடித்து, புதுசுபோலப் பூட்டிக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மச்சான் வந்த இரண்டாம் கிழமையே முறைப்பாடு தொடங்கியது.

"மச்சான், பள்ளிக்கூடத்தடியில ஸ்டார்ட் எடுக்கல்ல."

"டிக் எண்டு சத்தம் வந்ததா?"

"ஓம். அது மட்டும்தான் வந்தது."

மறுநாள் கராஜில் நான் அமர்த்தினால் உடனே பிடிக்கும். பற்றரியைச் சார்ஜ் பண்ணினேன். உப்புக்காற்றில் பொத்தானுக்குள் பிடித்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டினேன். ஸ்டார்ட்டர் மோட்டருக்குப் புதுக் கரி பிரஷ் போட்டேன். நாலு நாள் ஓடும். ஐந்தாம் நாள் யாரையாவது பிடித்துத் தள்ளுவித்துக்கொண்டு வருவார்.

"எனக்குப் பிடிக்குது. உங்கட விரலுக்குத்தான் என்னவோ" என்றேன் ஒருநாள்.

"அப்ப உங்கட விரலை வெட்டித் தாங்க, கொண்டு போறன்." அவர் சிரிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் பள்ளிவாசலுக்கு வெளியே வந்த நேரம். மச்சான் பொத்தானை அமர்த்தினார். டிக். திரும்பவும் டிக்.

"என்ன வாத்தியார், சீதனம் கோவிச்சிட்டோ?" என்றார் பக்கத்துக் கடைப் பக்கீர் காக்கா. சனம் சிரித்தது. வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"கால் இல்லையா உங்களுக்கு? உதைச்சா கௌரவம் குறைஞ்சிருமா?" என்றேன், அத்தனை பேருக்கும் கேட்க.

அவர் சாரனை மடித்துக் கட்டி உதைத்தார். இரண்டாம் உதையில் வலது முழங்கால் பக்கவாட்டில் மடிந்தது. சைக்கிள் அவர்மேல் சாய்ந்தது. தூக்கியபோது முழங்காலைச் சுற்றிப் பழைய தையல் தழும்புகளைக் கண்டேன். நடக்கலாம், தொழலாம், உதைக்க முடியாத கால். அவர் வீட்டார் மறைத்திருந்தார்கள். நதீராவுக்கு மட்டும் தெரியும்.

அன்று பின்னேரமே பிழையைக் கண்டுபிடித்தேன். பற்றரியின் எர்த் வயரைச் சைக்கிளின் பிறேமில் நான் அடித்த பெயின்டுக்கு மேலேயே வைத்து நட்டால் இறுக்கியிருந்தேன். பெயின்டில் கரண்ட் பாயாது; ஓடிச் சூடாகி அதிர்ந்தால் தொடுப்பு விடும், ஆறினால் பிடிக்கும். என் வேலை என்பதால் அந்த நட்டை நான் சந்தேகிக்கவே இல்லை. அந்தப் பெயின்டைச் சுரண்ட ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. ஸ்பானரைச் சுவரில் எறிந்தேன். அதன் பிறகும் கோபம் அடங்கவில்லை, அவர்மேலும்தான்.

முனாப் மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து தன் உம்மாவின் வீட்டுக்குப் போனார். நதீரா, வாப்பா அவளுக்கென்று கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போனாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படிப் போவதில்லை. சைக்கிளைப் பாண்டிருப்பு ஊரிலிருந்து வந்த கனகரெத்தினம் என்பவர் விலைக்கு வாங்கினார். வாப்பா அடுத்த வருடம் மௌத்தாகி அடக்கமானார். மச்சான் பள்ளிக்கூட அதிபராகி ஓய்வு பெற்றார், ஊன்றுகோலோடு நடக்கிறார். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். நான் இன்னும் கராஜ் நடத்துகிறேன். நதீரா என்னோடு கதைப்பதில்லை.