பதினாறு அடிக் காகிதம்

"என் பொண்ணு என்ன பொருட்காட்சி யானையா? வருஷா வருஷம் வண்டியில ஏத்திக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வர்றதுக்கு?"

"காட்டாம? போன வருஷம் ஜீனியப் பாத்து நாலு பேரு கண்ணத் தொடச்சாங்களா இல்லையா?"

"தொடச்சாங்க ரோண்டா. தொடச்ச கையாலயே மசோதாவ அடுத்த வருஷத்துக்குத் தள்ளியும் வெச்சாங்க. ஒரு ஆளு குனிஞ்சு அவ தலையத் தடவி போட்டோ வேற எடுத்துக்கிட்டான். தேர்தல் நோட்டீஸ்ல போட்டானே, நீ பாக்கல?"

"அப்ப இந்த வருஷம் எதக் காட்டப் போற? உன் பஸ் லைசென்ஸையா?"

ஏப்ரல் மாதத்தில் மில்லர்ஸ் பெண்ட் என்ற அந்தச் சிற்றூரில் யாரும் ஜன்னலைச் சாத்துவதில்லை. ஓலீட்டா கிரிம்ஸ்லியின் சமையலறையோ பெட்ரோல் பங்க்குக்கு நேரெதிரே இருந்தது. ஆகவே இந்தச் சண்டையைக் கேட்க யாரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பெட்ரோல் போட வந்தவர்கள் டாங்க் நிரம்பிய பிறகும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் உண்மை.

விஷயம் ஊருக்கே தெரிந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓலீட்டா பிரசவத்துக்குப் போன இடம் கவுண்டி மருத்துவமனை, அதாவது மாவட்ட அரசாங்க ஆஸ்பத்திரி. வயிற்றுக்குள் குழந்தையின் இதயம் தடுமாறுவதை இயந்திரம் காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. மூச்சு முட்டிப் பிறந்த ஜீனி நடக்கவில்லை, பேசவில்லை. சாப்பாடு வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான். ஆனால் படகு மோட்டார் சத்தம் கேட்டால் கெக்கலி கொட்டிச் சிரிப்பாள். அவள் அப்பா ஹார்லன் படகு மெக்கானிக். அவர் கொட்டகையில் இருந்தால் அவளுக்குத் திருவிழாதான். ரோண்டா அத்தை சர்ச் பாட்டைத் தொடங்கினால் மட்டும் முகத்தைச் சுளிப்பாள். அந்த ஒரு விஷயத்தில் ஊரே ஜீனி பக்கம்.

வழக்குப் போட்டார்கள், ஜெயித்தார்கள். ஜூரிகள் பெரிய தொகையைச் சொன்னார்கள். ஊரில் சிலர் அன்றைக்கே ஓலீட்டாவைக் கோடீஸ்வரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், சும்மா ஒரு வயிற்றெரிச்சலில்தான். அப்புறம்தான் தெரிந்தது, ஃபுளோரிடாவில் அரசாங்க மருத்துவமனை என்றால் இரண்டு லட்சம் டாலரோடு கையைக் கழுவிவிடலாம் என்று. அதற்கு மேல் ஒரு காசு வேண்டுமானாலும், அந்தக் குடும்பத்தின் பெயரைப் போட்டுச் சட்டசபை தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டும். கிடைத்த இரண்டு லட்சம் வக்கீலுக்கும் பழைய ஆஸ்பத்திரிக் கடனுக்கும் போய்விட்டது. அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை மாநிலத் தலைநகர் டாலஹாசிக்குப் போய் வருவது கிரிம்ஸ்லி வீட்டில் ஒரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. ஆறு முறை போனார்கள். ஆறு முறையும் மசோதா ஏதோ ஒரு குழுவில் படுத்துத் தூங்கிவிட்டது.

இது ஏழாவது. இதுதான் கடைசியும். ஆறு வருஷமும் மசோதாவைக் கொண்டுவந்த அவர்கள் தொகுதி செனட்டருக்குப் பதவிக் காலம் இந்த வருஷத்தோடு முடிகிறது. அவருக்குப் பதிலாக நிற்கிறவர்களோ இந்தப் பேச்சை எடுத்தாலே கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஹார்லனுக்கு முதுகெலும்பில் இரண்டு தட்டு விலகியாயிற்று. பதினோரு வயதுப் பெண்ணைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவது இனி யார்? குளியலறைக் கதவோ அவளுடைய சக்கர நாற்காலியை விட இரண்டு அங்குலம் குறுகல்.

"எதக் காட்டப் போறன்னா கேட்ட?" என்றாள் ஓலீட்டா. குளிர்பெட்டியின் மேலிருந்து ஒரு அட்டைக் குழாயை எடுத்து மேசையில் வைத்தாள். "இத."

ரோண்டா அதைப் பார்த்த பார்வையில் பெட்ரோல் பங்க்கே சிரித்தது என்கிறார்கள். "காகிதமா? செத்துது போ."

ரோண்டா, ஹார்லனின் அக்கா. இரண்டு புருஷன்களை அனுப்பிவிட்டவள். ஒருவரைச் சொர்க்கத்துக்கு, ஒருவரை அலபாமாவுக்கு. பேச்சில் தோற்றால் அடுப்பைப் பற்றவைப்பது அவள் பழக்கம். மில்லர்ஸ் பெண்டில் யாரிடமும் ஒன்றைக் கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. அதிலும் ரோண்டாவின் நாரத்தங்காய் கேக் ஊர் அறிந்தது. கொல்லை நாரத்தையின் சாற்றைப் பிழிந்து, தோலைத் துருவிப் போட்டு, அரைப் பவுண்டு வெண்ணெயில் செய்வாள். போதகருக்குக் கூரை மாற்றிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் அந்தக் கேக்குக்காகத்தான் கூலியைக் குறைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

மறுநாள் காலை ஜீனியை ஹார்லனிடம் விட்டுவிட்டு ஓலீட்டாவும் ரோண்டாவும் சின்ன பிக்அப் லாரியில் கிளம்பினார்கள். வண்டி ஓட்டிய ஓலீட்டாவின் பக்கத்தில் அட்டைக் குழாய். ரோண்டாவின் மடியில் ஒரு வட்டப் பெட்டி.

"அது என்ன?"

"என் மத்தியானச் சாப்பாடு."

அவ்வளவு பெரிய மத்தியானச் சாப்பாடா என்று ஓலீட்டா கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பள்ளி பஸ் ஓட்டுகிறவள், கண்ணாடியில் பின்னால் நாற்பது பிள்ளைகளைக் கவனித்துப் பழகியவள், பக்கத்து இருக்கையைக் கோட்டைவிட்டாள்.

சட்டசபைக் கட்டட வாசலில் வெண்டல் என்ற காவலர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். மோந்து பார்த்தார். கண்ணை மூடினார்.

"இது ஆபத்தான சாமானுங்க" என்றார்.

"ஏன், உங்க வீட்டம்மா இப்படிச் செய்ய மாட்டாங்களா?"

"வீட்டம்மா போய் ஆறு வருஷமாச்சு."

"அப்படியா" என்றாள் ரோண்டா, குரலை ஒரு படி இறக்கி. உள்ளே போய்விட்டாள்.

ஓலீட்டா வக்கீல் ப்ரூயிட்டைத் தேடிப் போன நேரத்தில் ரோண்டா, எந்த மசோதா சபைக்குப் போகலாம் என்று முடிவு செய்யும் விதிக் குழுவின் தலைவரான செனட்டர் பாய்கினின் அலுவலகத்துக்குப் போய், உதவியாளர் மேசையில் கேக்கை வைத்து, 'கிரிம்ஸ்லி குடும்பத்தின் அன்புடன்' என்று ஒரு அட்டையையும் செருகிவிட்டாள். அதோடு விட்டாளா? படம் எடுத்து முகநூலிலும் போட்டாள்.

பதினோரு மணிக்கு ப்ரூயிட் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஓலீட்டா, மசோதாவ இன்னைக்குப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. இன்னைக்குத்தான் அந்தக் குழுவோட கடைசிக் கூட்டம். யாரு கேக் அனுப்பினது?"

"என்ன கேக்?"

ரோண்டா கூரையைப் பார்த்தாள்.

சட்டசபையில் தனக்காகப் பேச ஒரு வக்கீலை அமர்த்தியவர், உறுப்பினர் எவருக்கும் ஒரு கோப்பை காப்பி கூட வாங்கித் தரக்கூடாது. இது டாலஹாசியில் தெருப் பூனைக்கும் தெரியும். மில்லர்ஸ் பெண்டில் ஒருவருக்கும் தெரியாது. ப்ரூயிட் அதைச் சொல்லச் சொல்ல ரோண்டாவின் முகம் மாவு மாதிரி வெளுத்தது.

"ஒரு கேக்குக்கா?" என்றாள். "ஒரு கேக்குக்காடா பாவிங்களா?"

ஓலீட்டா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். ஓலீட்டா திட்டவில்லை. அட்டைக் குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே பாய்கினின் அறைக்கு நடந்தாள். ப்ரூயிட் "வேணாம், வேணாம்" என்று பின்னால் ஓடினார். ஓலீட்டாவின் கால்கள் நீளம்.

பாய்கின் அறுபது வயதுக்காரர். இந்த மாதிரி மசோதாக்களைப் பிடிக்காதவர் என்று பெயர் வாங்கியவர். விவசாய ஆணையர் பதவிக்கு நிற்கப் போகிறார் என்றும் பேச்சு. மேசையில் கேக் இருந்தது. ஒரு பக்கம் பெரிய இடைவெளி.

"சாப்ட்டீங்களா ஐயா?"

"அட்டையப் பாக்கறதுக்கு முன்னாடி" என்றார் அவர். "ரெண்டு துண்டு."

"எப்படி இருந்துச்சு?"

அவர் மேசையில் சிந்தியிருந்த துணுக்கை விரலால் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். "அம்மா, நான் இப்ப உங்க மசோதாவ எடுத்தேன்னா கேக்குக்கு விலை போயிட்டேன்னு பேப்பர்காரன் எழுதுவான். எடுக்காம விட்டாத்தான் எனக்குப் பாதுகாப்பு."

"அந்தப் படத்த ஏற்கெனவே முந்நூறு பேரு பாத்தாச்சு. என் நாத்தனாருக்கு வாய் மட்டும் இல்ல, விரலும் சும்மா இருக்காது." ஓலீட்டா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. "ஐயா, என் பஸ்ல ஒரு பிள்ளை அடுத்த பிள்ளையோட டப்பாவத் திறந்து தின்னுட்டா, எந்திரிச்சு நின்னு சொல்லச் சொல்வேன். சொன்னா அன்னைக்கே மறந்துருவாங்க. மறைச்சா, பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் அவன் பேரு கேக் திருடன்தான். நீங்க எந்திரிச்சு நின்னு சொல்லிடுங்க. இன்னது, இன்னார் வீட்டுலேர்ந்து, இன்ன விஷயமா வந்துச்சு, ரெண்டு துண்டு தின்னேன், அதனால ஓட்டுப் போடாம ஒதுங்கிக்கிறேன்னு. உங்க ஓட்டு எனக்கு வேணாம்."

"வேணாமா?"

"ஆறு வருஷமாக் கிடைக்காத ஓட்டுதானே."

பாய்கின் சிரித்தார் என்று ரோண்டா சொல்வாள். அவள் கதவுக்கு வெளியே நின்றாள், நம்பலாம். முப்பது வருஷ அரசியலில் தன் ஓட்டு வேண்டாம் என்று சொல்லி உதவி கேட்டவரை அவர் பார்த்ததில்லை போலும். ஆனால் ஒரு விஷயத்தை வெளிப்படுத்த வேண்டுமானால் அந்த விஷயம் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாத மசோதாவுக்கு ஒதுங்குவது எப்படி? பாய்கின் உதவியாளரைக் கூப்பிட்டார். இரண்டு மணிக்கு மசோதா மறுபடி பட்டியலில் ஏறியிருந்தது.

கூட்டத்தில் பாய்கின் எழுந்து நின்று, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, கேக்கின் வகை உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலைமை நாற்காலியைத் துணைத் தலைவரிடம் கொடுத்தார். வழக்கமாகக் கைபேசியில் மேய்ந்துகொண்டிருக்கும் மற்ற செனட்டர்கள் பதினோரு பேரும் நிமிர்ந்தார்கள்.

"அப்படி என்ன மசோதா அது?" என்றார் ஒருவர்.

ஆறு வருஷத்தில் முதன்முதலாக ஒருவர் கேட்ட கேள்வி.

பேச மூன்று நிமிஷம். ஓலீட்டா அட்டைக் குழாயிலிருந்து காகிதச் சுருளை உருவினாள். பிரசவ அறை இயந்திரம் எழுதிய, வழக்கில் சாட்சியமாக வைத்த நாடாவின் நகல். "கொஞ்சம் கோப்பைகளத் தூக்கிக்குங்க" என்றாள். பஸ்ஸில் பேசும் அதே குரல். செனட்டர்கள் தூக்கிக்கொண்டார்கள். வளைந்த நீண்ட மேசையின் ஒரு முனையில் காகிதத்தை வைத்து விரித்துக்கொண்டே நடந்தாள். பதினாறு அடி.

"மேல ஓடுற கோடு என் பொண்ணோட இதயம். கீழ இருக்கறது எனக்கு வந்த வலி. மத்தியானம் ஒண்ணு இருபதுலேர்ந்து ஆரம்பிக்குது. இங்க பாருங்க, மேல் கோடு நடுங்கி நடுங்கிப் போகுதே, அது நல்லது. உயிரோட இருக்கற பிள்ளை அப்படித்தான் எழுதும்." இரண்டு எட்டு வைத்தாள். "இங்கேர்ந்து ஒவ்வொரு வலிக்கும் அப்புறம் விழுது. விழுந்து மெதுவா எந்திரிக்குது. இந்த இடத்துல மெஷின்ல எச்சரிக்கை மணி அடிச்சுது. பக்கத்து அறையில தூங்க முடியலன்னு சொன்னாங்களாம், சத்தத்தக் குறைச்சாங்க. குறைச்ச நேரம் இங்க அச்சாயிருக்கு. நீங்களே படிங்க."

அந்த இடத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தவர் ஓர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரத்தைச் சத்தமாகப் படித்தார்.

"இனிமே எண்ணுங்க" என்றாள் ஓலீட்டா. நடந்தாள். ஒவ்வொரு செனட்டருக்கு முன்னாலும் ஒரு பள்ளம், இரண்டு பள்ளம். அவர்கள் குனிந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் அடுத்தவரைப் பார்த்தார்கள். கடைசி இரண்டு அடியில் கோடு நடுங்குவதை நிறுத்திவிட்டது. அளவுகோல் வைத்துப் போட்டது மாதிரி ஓடியது.

"இது நாலு மணி. இங்கதான் டாக்டர் வந்தார்." காகிதத்தின் ஓரத்தை நேராக்கினாள். "நான் டாக்டர் இல்ல, பஸ் ஓட்டுறவ. ஆனா இதப் படிக்க நாலு மாசத்துல கத்துக்கிட்டேன். அன்னைக்கு அந்த மாடியில இதப் படிக்கத் தெரிஞ்சவங்க ஏழு பேர் இருந்தாங்க. அவ்வளவுதான் ஐயா."

அழவில்லை. நேரம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிய இன்னும் இருபது நொடி இருந்தது. காகிதத்தைச் சுருட்டுவதில் அதைச் செலவழித்தாள். ராணுவக்காரர் எழுந்து மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். பின்வரிசையில் ரோண்டா மூக்கைச் சிந்திய சத்தம்தான் கூட்டக் குறிப்பில் ஏறாத ஒரே விஷயம்.

பதினோரு ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை, பாய்கின் ஒதுங்கினார். கீழ்ச்சபையில் தொகையைப் பாதியாக வெட்டினார்கள். ஓலீட்டா ப்ரூயிட்டிடம் "பாதி போதும், கதவு அகலமாகும்" என்றாளாம். கூட்டத்தொடரின் கடைசி நாளில் இரு சபைகளின் காவல் அதிகாரிகளும் நடு மண்டபத்தில் எதிரெதிரே நின்று வெள்ளைக் கைக்குட்டையைத் தரையில் போடுவார்கள். கைக்குட்டை தரையைத் தொட்டதும் பாக்கியிருக்கும் மசோதாக்களெல்லாம் செத்ததாகக் கணக்கு. கிரிம்ஸ்லி மசோதா அதற்கு நாற்பது நிமிஷம் முன்னால் தேறியது. ஹார்லன் கொட்டகையில் ரேடியோவில் கேட்டுவிட்டு, இருந்த எட்டு மோட்டாரையும் ஒரே நேரத்தில் முடுக்கினார். ஜீனி சிரித்த சிரிப்பு ஆற்றுக்கு அக்கரையில் கேட்டதாம். அது கொஞ்சம் மிகை என்றாலும், ஊரில் யாரும் மறுத்ததில்லை. கோடீஸ்வரி என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் இப்போது 'நம்ம ஓலீட்டா' என்கின்றன. அவள் அதற்கும் இதற்கும் ஒரே மாதிரிதான் தலையாட்டினாள்.

கிரிம்ஸ்லி குடும்பம் அந்த இலையுதிர் காலத்திலேயே கெய்ன்ஸ்வில்லுக்குக் குடிபோய்விட்டது. ஜீனிக்குத் தண்ணீரில் பயிற்சி தரும் இடம் அங்கே பக்கம். ஓலீட்டா அங்கேயும் பஸ்தான் ஓட்டுகிறாள். பாய்கின் ஆணையர் தேர்தலில் தோற்று மாட்டுப் பண்ணைக்குத் திரும்பிவிட்டார். ப்ரூயிட் தன் செயலாளரைக் கல்யாணம் செய்துகொண்டார். அது எல்லோரும் எதிர்பார்த்ததே. ரோண்டா டாலஹாசிக்குப் போய் வாசல் காவலர் வெண்டலை மணந்ததை மட்டும் யாரும் எதிர்பார்க்கவில்லை, பெட்ரோல் பங்க்கைத் தவிர. கிரிம்ஸ்லி வீட்டை வாங்கியவர்கள் ஜார்ஜியாக்காரர்கள். ஜீனியின் சக்கர நாற்காலிக்காக வாசலில் ஹார்லன் போட்ட மரச் சாய்வுப் பாதையை அவர்கள் இடிக்கவில்லை. புல்வெட்டும் வண்டியை ஏற்ற வசதியாக இருக்கிறதாம்.