மான் தின்ற கையெழுத்து

சர்ரென்று காகிதம் கிழிகிற சத்தம் கேட்டு சிஹாரு திரும்பினாள். புருஷன் கென்கிச்சியின் தோளில் தொங்கிய துணிப்பைக்குள் ஒரு பெட்டை மான் கழுத்துவரை தலையை விட்டிருந்தது. தலையை வெளியே எடுத்தபோது அதன் வாயில் பச்சைக் கட்டம் போட்ட காகிதம் பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

அது அவர்களுடைய விவாகரத்துப் படிவம்.

சிஹாரு பாய்ந்து நுனியைப் பிடித்து இழுத்தாள். மானும் இழுத்தது. கடைசியில் அவள் கையில் மிஞ்சியது, கையெழுத்துக்குப் பக்கத்தில் கென்கிச்சி குத்திய சிவப்பு முத்திரை விழுந்த ஒரு சின்னத் துண்டு. பின்னாலிருந்து வந்த இன்னொரு மான் அதையும் அவள் விரலிலிருந்து நக்கி எடுத்துக்கொண்டு போனது.

கென்கிச்சி பைக்குள் குனிந்து பார்த்தான்.

"தின்னுடுச்சு" என்றான்.

இருபத்து நான்கு வருஷமாக அவனிடமிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் இதுதான். அவள் கண்ணெதிரே நடந்ததை அவளுக்கே தெரிவிக்கிற ஒற்றைச் சொல். மகள் கல்யாணமாகி செண்டாய்க்குப் போன அன்று, ரயில் கண்ணுக்கு மறைந்ததும் "போயிட்டா" என்றான். வீடு வந்து சேரும்வரை வேறு பேச்சில்லை. போன மாதம், கோபேயில் சிநேகிதியின் பேக்கரிக்கு வேலைக்குப் போகிறேன், வீடும் பார்த்தாகிவிட்டது, பிரிந்துவிடலாம் என்று அவள் சொன்னபோது "அப்படியா" என்றான். ஏன் என்று கேட்கவில்லை. படிவத்தை நீட்டியதும், கூரியர்காரன் கொண்டுவந்த பார்சலை வாங்குவதுபோல முத்திரையை எடுத்துக் குத்திக் கொடுத்துவிட்டு மீன் வறுவலைத் தின்பதைத் தொடர்ந்தான்.

நாளைக் காலை சாமான் ஏற்ற லாரி வருகிறது. அதற்குள் படிவத்தை நகராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். பாக்கி இருந்தது சாட்சிகள் இரண்டு பேரின் கையெழுத்து மட்டும். அதற்காகத்தான் மான்கள் இஷ்டம்போலத் திரியும் இந்தப் பூங்காவுக்கு வந்தது. தோதாய்ஜி கோயிலின் தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் மான்களுக்குப் போடும் தவிட்டு பிஸ்கட் விற்கிற ஹிஸாயோவும் அவள் கணவர் டொயோஸோவும்தான் இவர்கள் கல்யாணப் படிவத்துக்கும் சாட்சி. முடிச்சுப் போட்டவர்களே அவிழ்த்தும் விடட்டும் என்று சிஹாரு மூன்று வாரம் கெஞ்சி, நேற்றுத்தான் சம்மதம் வாங்கியிருந்தாள்.

நல்லவேளை, இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியதில் அவள் எதையும் இரண்டாக வாங்கப் பழகியிருந்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்து, ஹிஸாயோவின் கடைப்பலகையின் மேல் விரித்து, நான்கு மூலையிலும் பிஸ்கட் கட்டுகளைப் பாரம் வைத்தாள். தன் இடத்தை நிரப்பினாள். பேனாவைப் புருஷனிடம் நீட்டினாள்.

ஹிஸாயோ குறுக்கே கையை வைத்தாள். கல்யாணத்தன்று நீங்கள் இரண்டு பேரும் பெரிய புத்தரிடம் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன், இப்போதும் அதே வரிசைதான் என்றாள். நேரமாகிறது, அலுவலகத்தில் கூட்டம் சேர்ந்துவிடும் என்று சிஹாரு சொல்லிப் பார்த்தாள்.

"அவர்கிட்ட சொல்லாம நான் பேனாவைத் தொடமாட்டேன், சிஹாரு. ஒண்ணு சேர்ந்தப்ப சொன்னீங்க, பிரிஞ்சு போறப்ப சொல்லாம ஓடுனா எப்படி?"

டொயோஸோ பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு இப்போது கை வலிக்கிறது என்றார்.

வேறு வழியில்லை. படிவத்தை மடித்து ஜிப்புக்குள் வைத்துக்கொண்டு சிஹாரு முன்னால் நடந்தாள்.

நவம்பர் மாதம், மேப்பிள் மரமெல்லாம் சிவந்திருந்தது, நாட்டிலுள்ள பள்ளிக்கூடமெல்லாம் சுற்றுலா வந்திருந்தது. மஞ்சள் தொப்பிப் பிள்ளைகள் ஊர்வலம் முடிகிற வழியாக இல்லை. அதைத் தாண்டினால், வெளியூர்க் குடும்பம் ஒன்று கென்கிச்சியிடம் கேமராவை நீட்டியது. அவன் ஒன்று எடுத்தான். நிற்கச் சொல்லி இன்னொன்று எடுத்தான். வாசலில் ஊதுபத்திச் சாம்பல் தொட்டியருகே, புகையை மண்டைமேல் அள்ளிவிட்டுக்கொள்ளும் கிழவிகளுக்கு வழிவிட்டு நின்றான். விவாகரத்துக்குக்கூட வரிசையில் கடைசியாக நிற்கிற ஆள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே, மண்டப உயரத்துக்கு உட்கார்ந்திருந்த புத்தருக்கு முன் அவள் கைகூப்பி, போகிறேன் என்று சொல்லி முடித்துத் திரும்பினாள். அவன் முடிக்கவில்லை. கண்ணை மூடி நின்றுகொண்டே இருந்தான். நுழைந்து வந்தால் நல்லது நடக்கும் என்று சொல்கிற தூண் ஓட்டையின் முன் வரிசை கட்டிய பிள்ளைகளில் ஆறேழு பேர் நுழைந்து வந்துவிட்டார்கள். அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவளிடம் இருபத்து நான்கு வருஷத்தில் இவ்வளவு பேசியதில்லை. வெளியே வந்து, அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

குளத்தோரமாக நடந்தார்கள். எதிரே ஒரு மஞ்சள் தொப்பிச் சிறுமி வந்தாள். முதுகுப் பையின் பக்கவாட்டில் மடித்த வரைபடம் நீட்டிக்கொண்டிருந்தது. பத்தடி தூரத்துக்குள் ஒரு மான்கூட இல்லை. ஆனாலும் கென்கிச்சி சட்டென்று நின்றான்.

"பாப்பா, அதை உள்ள தள்ளி ஜிப்பைப் போடு. இங்க காகிதத்தை வெளிய காட்டக்கூடாது."

சிறுமி தலைகுனிந்து நன்றி சொல்லி, ஜிப்பை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

சிஹாரு நின்றுவிட்டாள். கோபேக்காரியான அவளுக்கே, இங்கே வாழ வந்த முதல் வாரத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தவன் இவன்தான். பேருந்துச் சீட்டைக்கூட மடித்து உள்சட்டைப்பைக்குள் வைக்கிறவன். பிறந்ததிலிருந்து இந்த மான்களுக்கு நடுவே நடக்கிறவன். இன்று காலையில் படிவத்தை நானே எடுத்து வருகிறேன் என்று வலியக் கேட்டு வாங்கினான். அவன் எதையாவது வலியக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று அப்போது அவள் ஆச்சரியம்கூடப் பட்டாள். கேட்டு வாங்கி, ஜிப்பே இல்லாத துணிப்பையில் போட்டான்.

அந்தப் பையின் வாயை அவள் இரண்டு கையாலும் விரித்தாள். அடியில் தவிட்டு பிஸ்கட் தூள் கிடந்தது.

"இது என்ன?"

அவன் குளத்தைப் பார்த்தான். பிறகு பையைப் பார்த்தான். பிஸ்கட் என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். சொன்னால் அந்தக் குளத்திலேயே தள்ளிவிடுவது என்று முடிவும் செய்துவிட்டாள்.

"நீ லாரிக்குச் சொன்ன அன்னிக்கே வாங்கிட்டேன்" என்றான். குரல் ஊதுபத்திப் புகையில் கரகரத்ததுபோல் இருந்தது. "மூணு வாரமா தினமும் உன் எதிர்ல வந்து உக்காந்தேன். வாயைத் திறந்தா, சாப்பாடு நல்லாயிருக்குன்னுதான் வருது. நீ போறது எனக்குப் புடிக்கல, சிஹாரு. முத்திரை குத்தின அன்னிக்கும் புடிக்கல."

அவளுக்கு அழுகை வரவில்லை. அசாத்தியக் கோபம் வந்தது. இதைச் சொல்ல ஒரு மான் வேண்டியிருந்ததா, ஒரு புத்தர் வேண்டியிருந்ததா, இருபத்து நான்கு வருஷம் வேண்டியிருந்ததா என்று கேட்க வாயெடுத்தாள். பெட்டிகளெல்லாம் கட்டியாகிவிட்டது. பேக்கரிக்காரிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இப்போது வந்து பேசுகிறான்.

தூரத்தில் கடைப்பலகையின் பின்னாலிருந்து ஹிஸாயோ கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கென்கிச்சி சிஹாருவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே கையை நீட்டினான். பேனாவைக் கொடு, இந்தத் தடவை ஒழுங்காகப் போட்டுத் தந்துவிடுகிறேன் என்றான்.

சிஹாரு பேனாவைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். குளத்தோரக் கல்மேல் உட்கார்ந்தாள்.

"பேனா எங்கயும் ஓடிடாது. முதல்ல அங்க புத்தர்கிட்ட சொன்னீங்களே, அத்தனையும் ஒண்ணு விடாம என்கிட்ட சொல்லுங்க."